பெரும்பத்தன் கல்

உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில் அணையைக் கடந்து வரும் நீர், கரூர் வழியே சென்று காவிரியில் கலக்கிறது. சங்க இலக்கியம் ஆன்பொருநை எனப் போற்றும் ஆறு இதுவே. கரூரில் இதன் படுகையிலிருந்து தமிழி எழுத்துப் பொறித்த மோதிரங்கள் கிடைத்துள்ளன. அவற்றில் காணப்படுபவை அணிந்தோர் பெயர்கள். செய்தோர் பெயர்கள் அல்ல. ஆயின், கடல் கடந்த தாய்லாந்தில் தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவரின் பெயரே கிடைத்திருக்கிறது.

1939 வரை சயாம் என வழங்கிய அந்நாட்டின் தென்பகுதி, இரு கடல்களுக்கிடையே ஒடுங்கிய நிலப்பகுதி. மலாக்கா நீரிணையைச் சுற்றிச் செல்லாமல், மேற்குக் கரையில் சரக்கை இறக்கி நிலவழியே கீழைக் கடலுக்குக் கொண்டுசெல்ல இயலும். தமிழ்ச் சான்றுகள் மேற்குக் கரையில் கிடைப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

கிராபி மாநிலத்தின் குளோங் தோம் என்னும் ஊரில் உள்ளங்கையில் அடங்கும் கல் ஒன்று கிடைத்தது. அது பொன்னின் மாற்று அறியும் உரைகல். பொன்னை அதன்மீது உரைத்து, படியும் கோட்டின் நிறத்தை மாற்றுத் தெரிந்த பொன்னின் கோட்டுடன் ஒப்பிடுவர். கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த அக்கல்லில் ‘பெரும்பதன் கல்’ எனத் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ‘பெரும்பத்தனுடைய கல்’ என்பது பொருள். பொற்கொல்லரைப் பத்தர் என அழைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. இதனைப் பொறித்தவர் அரசர் அல்லர். தம் கருவி பிறர் கருவியோடு கலந்துவிடலாகாது எனக் கருதிய உழைப்பாளி. அவர் எவ்வூரினர் என்பதைக் கல் கூறவில்லை.

ரனோங் மாநிலத்தின் பூ காவ் தோங்கில் கிடைத்த இரண்டாம் நூற்றாண்டுப் பானையோட்டில் சில எழுத்துகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று றகரம். அஃது அவ்வெழுத்துகள் தமிழே என உறுதிப்படுத்தியது.

ஒன்பதாம் நூற்றாண்டில் தக்குவாபாவில் தமிழர் குளமே வெட்டினர். நாங்கூரைச் சார்ந்த ஒருவர் தோண்டிய அதன் பெயர் அவனிநாரணம்; மூன்றாம் நந்திவர்மனின் சிறப்புப் பெயர் அது. மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் அக்குளம் விடப்பட்டதை அங்குக் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. வந்து செல்வோர்க்கு ஊருணி போதும். குளம் தோண்டியவர்கள் தங்கி வாழ எண்ணியிருத்தல் வேண்டும்.

பாங்காக் அரண்மனைச் சடங்குகளுள் ஒன்றான ‘திரியம்பாவாய்’ என்பது திருவெம்பாவையின் திரிபு. மார்கழியை ஒட்டி வரும் அவ்விழாவில், அங்குள்ள அந்தணர்கள் தமிழ்ப் பாடல்களைப் பொருள் அறியாமலே ஓதிவருகின்றனர்.