‘மேரி கேயும் ஜானியும்’: இறந்துபட்டதொரு தொலைக்காட்சித் தொடர்

இல்லறச் சூழலினின்று நகை பிறக்கும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் நாடகங்களுள் முதலாவதாக எண்ணப்பெறுவது ‘மேரி கேயும் ஜானியும்’ என்பதாகும். 1947 நவம்பர் 18 அன்று டூமாண்ட் நிறுவனத்தார் நியூயார்க்கிலிருந்து இதனை ஒளிபரப்பத் தொடங்கினர். ‘முதலாவது’ என்னும் அடை அமெரிக்காவிற்கே பொருந்தும், இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் ‘பின்ரைட்ஸ் பிராக்ரஸ்’ என்னும் தொடரை 1946 இலேயே அளித்திருந்தது.

ஜானி ஸ்டெர்ன்ஸ், மேரி கே ஸ்டெர்ன்ஸ் இருவரும் மெய்வாழ்விலும் கணவனும் மனைவியுமாவர். நாடகத்தை எழுதியவர் கணவரே. கதையில் அவர் வங்கி ஊழியர், மனைவியோ குறும்புமிக்கவர். 1948 டிசம்பரில் பிறந்த அவர்தம் மகன் ஒரு திங்கள் நிரம்புமுன்னரே நாடகத்தில் தோன்றினான். தாய்மையைத் தொடர் நாடகத்துட் புகுத்திய முதன்மையை 1952 இல் அவ்வாறு செய்த ‘ஐ லவ் லூசி’க்கு ஏற்றிக் கூறுவாருளர். அஃது ஆராயாக் கூற்றென்க.

இப்பிழை எங்ஙனம் எழுந்தது? ‘லூசி’ 1951 முதல் 35 மி.மீ. படச்சுருளில் எடுக்கப்பெற்றது, ஆதலின் நிலைத்தது. ஸ்டெர்ன்ஸ் இணையரின் நாடகமோ நடிக்கும்பொழுதே நேரே ஒளிபரப்பாயிற்று. தொலைவிலுள்ள நிலையங்களுக்கு அனுப்புவதற்காகத் திரையில் தோன்றும் உருவைப் படச்சுருளிற் பதியும் ‘கினெஸ்கோப்’ முறை 1947 இல்தான் வழக்கிற்கு வந்தது. அங்ஙனம் பதிந்தவற்றையும் போற்றிக் காப்பார் இலர். இன்று எஞ்சியவை மிகச் சிலவே.

டூமாண்டின் சுருள்கள் 1970களில் நியூயார்க் விரிகுடாவிற் கொட்டப்பட்டன என நடிகை ஈடி ஆடம்ஸ் 1996 இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தார் நடத்திய விசாரணையிற் சான்றுரைத்தார். இதனைக்கொண்டு ‘மேரி கேயும் ஜானியும்’ முழுவதும் கடலுட் போயிற்றென்பது பொருந்தாது. அத்தொடர் டூமாண்டில் நிகழ்ந்தது ஏறத்தாழ ஓராண்டே. 1948 இல் என்.பி.சி.க்கும், 1949 இல் சி.பி.எஸ்.க்கும் சென்று, மீண்டும் என்.பி.சி.க்கே வந்து, 1950 மார்ச்சில் முடிவுற்றது. எனவே பிற்பகுதியின் இழப்பிற்கு வேறு காரணம் காணல் வேண்டும். மறு ஒளிபரப்பால் வருவாய் உண்டாகும் என்னும் எண்ணம் அந்நாளில் வேரூன்றாமையே அக்காரணம் என்பது எம் கருத்து.

கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் துயில்வதாகக் காட்டிய முதல் நாடகமும் இதுவே என்பர். உடன்காலத் தொடர்களின் சுருள்களும் பெரும்பாலும் மறைந்தமையின், ஒப்புநோக்கி அதனைத் துணிதல் அரிது.