மலேசியச் சாலைகளில் ஈருருளிகள்

கடல்கடந்த உறவு தமிழக முஸ்லிம்களுக்குப் புதியதன்று. பினாங்குத் தீவில் 1801-ஆம் ஆண்டில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், அதனருகே செல்லும் சூலியா தெருவும் இதற்குச் சான்றுகள். அங்குள்ள தமிழ் முஸ்லிம் உணவுக்கடைக்காரரை 'மாமாக்' என மலாய் மக்கள் அழைப்பதும், நம் 'மாமா' என்னும் உறவுச்சொல்லின் வழியாக வந்ததே. அவ்வாறு சென்று தங்கியோர் நம் குடும்பத்திலும் உளர். அவர்களைக் காணச் சென்றபோது நம் கருத்தைக் கவர்ந்தவை மாட கோபுரங்கள் அல்ல. சாலையில் விரைந்த மோட்டார் சைக்கிள்களே.

மலேசியாவில் சிறிய மோட்டார் சைக்கிளைக் 'கப்சாய்' என்பர். ஹோண்டா நிறுவனம் 1958-இல் வெளியிட்ட 'சூப்பர் கப்' வண்டியின் பெயரிலுள்ள 'கப்' என்பதோடு, சிறியது என்னும் பொருள்படும் சீனச் சொல் சேர்ந்து பிறந்த பெயர் இது என்பர். ஜப்பானிய வண்டிக்குச் சீன ஒட்டுப் பெற்று மலாய் வழக்கில் ஊன்றிய இச்சொல், மொழி பயில்வோர்க்குச் சுவை தரும். நம் பகுதியில் 1980 முதல் டி.வி.எஸ். 50 வகித்த இடத்தை அங்குக் கப்சாய் வகிக்கிறது எனலாம். துணிமூட்டையைச் சுமந்து பனியன் கம்பெனிக்குச் செல்லும் வண்டியை நாம் அறிவோம்; அங்கே உணவுப் பொட்டலங்களைச் சுமந்து அது செல்கிறது. இரண்டும் ஏழைக்குச் சோறு போடும் வண்டிகளே.

கிள்ளான் நகரில் வாழும் நம் மாமா மகன் கோலாலம்பூரில் பணிபுரிகிறார். ஒருநாள் காலை அவருடன் புறப்பட்டோம். சட்டைக்கு மேல் ஒரு மேற்சட்டையை முன்பின்னாக மாற்றி அணிந்துகொண்டார். காற்றும் தூறலும் மார்பில் அறையாதிருக்க அங்குப் பலரும் கையாளும் முறை அது. பின்னர், "மச்சான், தலைக்கவசத்த மாட்டுங்க. வாரை இழுத்துக் கட்டுனாத்தான் வண்டிய எடுப்பேன்" என்றார். நம் வயதும் பதவியும் அவரிடம் செல்லவில்லை. பின்னிருக்கையில் அமர்ந்து சாலையை அடைந்ததும், நாற்புறமும் நூற்றுக்கணக்கான வண்டிகள் தேனீக்கூட்டம்போல் சூழ்ந்தன. நெஞ்சு படபடத்தது உண்மை.

எனினும் சிறிது தொலைவில் காட்சி மாறிற்று. கிள்ளானையும் கோலாலம்பூரையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரமாக, கார்களும் லாரிகளும் நுழைய இயலாத தனிப்பாதை ஒன்று செல்கிறது. மோட்டார் சைக்கிள்களுக்கென்றே அமைந்தது அது. நெடுஞ்சாலைகள் ஒன்றையொன்று சந்திக்குமிடங்களில் சிறு சுரங்கவழியாகத் தாழ்ந்து மறுபுறம் ஏறுகிறது. இதன் முதற்பகுதி 1970-களின் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டது. உலகில் இத்தகைய பாதைகளுள் முதலாவது எனப் போக்குவரத்து அறிஞர் இதனைக் குறிப்பர். முதுகுக்குப் பின்னால் லாரியின் ஒலிப்பான் அலறாத பயணம் எத்தகையது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மழை வந்தால் பாலத்தின் அடியில் வண்டிகளை நிறுத்தி, தோளோடு தோள் உரச நின்று பேசிக்கொள்கிறார்கள்.

தலைக்கவசச் சட்டம் அங்கு 1973-லேயே வந்துவிட்டது. பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்னும் விதி 1992-இல் வந்தது. நம் நாட்டில் புதிய வண்டிகளில் விளக்கு தானே எரியும் ஏற்பாடு 2017 ஏப்ரலில்தான் வந்தது.

இவற்றைக் கொண்டு மலேசியாவைச் சொர்க்கமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. தனிப்பாதை எல்லாச் சாலைகளிலும் இல்லை. 'மாட் ரெம்பிட்' எனப்படும் இளைஞர் கூட்டம் இரவில் பந்தயம் ஓட்டுகிறது. அந்நாட்டில் சாலை விபத்தில் மடிவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆயினும், சாலையைத் திட்டமிட்டவர்கள் அதில் செல்லப்போகும் எளியவனையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அத்தனிப்பாதை ஓர் அடையாளம். நம் சாலையோ லாரிக்கும் பேருந்துக்கும் காருக்கும் போக எஞ்சிய மண்விளிம்பையே அவனுக்கு அளிக்கிறது.

'ஷிப்டு' முடியும் மாலை நேரத்தில் திருப்பூரிலிருந்து தாராபுரம் நோக்கி வரும் வண்டிகளைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நம் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவரின் ஜனாஸாவில் நாம் நின்றிருக்கிறோம். அவருடைய தலைக்கவசம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய அத்தா அதனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவருள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் மடிந்தோர் 50,029 பேர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இவருள் 14,337 பேர் பின்னிருக்கையினர். இந்தப் பின்னிருக்கையினர் யாவர்? நம் தாய்மாரும் தமக்கையரும், மடியில் குழந்தையுடன் செல்லும் மனைவியரும் அவருள் அடங்குவர். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கூறுகிறது. நம் வீடுகள் பலவற்றில் வண்டிக்கு ஒரு தலைக்கவசமே உண்டு. அதுவும் பெட்ரோல் தொட்டியின்மேல் அமர்ந்தே ஊர் சுற்றுகிறது.