மக்கள் வாழ்வை ஆராயும் முறை

மக்கள் கூடி வாழும் இயல்பினர். ஆயினும் மணம், உறவு, வழிபாடு, கொடுக்கல் வாங்கல் முதலியவற்றில் அவர்தம் வழக்கங்கள் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. இவ்வழக்கங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இயைந்து ஒரு சமுதாயத்தைத் தாங்குகின்றன என ஆராயும் துறையே சமுதாய மானிடவியல் எனப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்துறை அறிஞர் பலர், தாம் எழுதிய மக்களை நேரிற் கண்டாரல்லர். கடலோடிகளும் சமயப் பரப்புநரும் வரைந்த குறிப்புகளைப் படித்தே முடிவு கூறினர். கேள்வியாற் பெற்ற செய்தியிற் பிழை மலிதல் இயல்பன்றோ? அந்நிலையை மாற்றியவருள் குறிப்பிடத்தக்கவர் மாலினோவ்ஸ்கி என்பார். கிராக்கோ நகரில் 1884ஆம் ஆண்டு பிறந்த இவர், 1915க்கும் 1918க்கும் இடையே, நியூகினியின் கிழக்கிலுள்ள திரோபிரியாந்துத் தீவுகளில் ஏறத்தாழ ஈராண்டு வாழ்ந்தார். ஊர் நடுவே கூடாரம் அடித்துத் தங்கி, அம்மக்களின் மொழியையும் கற்றார்.

அவர் கைக்கொண்ட முறை மூவகைப்படும். ஊரின் அமைப்பு, குடிக்கணக்கு, கால்வழி ஆகியவற்றை வரைந்து அட்டவணைப்படுத்துதல் ஒன்று. உண்ணல், உரையாடல், பூசல், நட்பு என அன்றாட வாழ்வில் நிகழ்வனவற்றை உடனிருந்து கண்டு, நாள்தோறும் குறித்தல் மற்றொன்று. அம்மக்கள் கூறும் கதைகளையும் மந்திரங்களையும் அவர்தம் மொழியிலேயே எழுதிக்கொள்ளுதல் மூன்றாவது.

இம்முறையின் பயனைக் 'கூலா' என்னும் வழக்கத்தாற் காணலாம். தீவினர் தோணியேறி, இடர்மிக்க கடலைக் கடந்து, செஞ்சிப்பி மாலைகளையும் வெண்சங்கு வளைகளையும் மாற்றிக்கொள்வர். மாலைகள் தீவு வட்டத்தில் வலமாகவும், வளைகள் இடமாகவும் செல்லும். பெற்றவர் அவற்றை நெடுநாள் வைத்திராமற் பிறர்க்கு அளித்துவிடுவர். வளைகளுட் பல, கையில் அணியவும் இயலாத அளவிற் சிறியவை. கரையில் நின்று காண்போர் இதனைப் பேதைமை என்றே கருதுவர். உடன் வாழ்ந்த அறிஞரோ, இதனால் தொலைத்தீவுகளில் வாழ்நாள் நட்பும் விருந்தும் பாதுகாப்பும் புகழும் கிடைப்பதையும், பயன்படு பொருள்களின் வாணிகம் இதனோடு உடன் நடப்பதையும் உணர்ந்தார். இதனை 1922ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

அவர் 1942இல் மறைந்தார். அவர்தம் நாட்குறிப்பு 1967இல் வெளிவந்தது. தாம் ஆராய்ந்த மக்கள்மேல் அவர் சிற்சில வேளை கொண்ட சினமும் இழிவெண்ணமும் அதில் வெளிப்பட்டன. அறிஞர் உலகம் திகைத்தது. உடன் வாழ்ந்த அளவானே உள்ளத்து மாசு நீங்கிவிடாது என்பது தெளிவாயிற்று. ஆகவே, ஆராய்வோர் தம் விருப்பு வெறுப்புகளையும் ஆராய்தல் வேண்டும். ஆராயப்படுவோரின் இசைவையும் பெறுதல் வேண்டும் என்பது இன்று இத்துறையின் நெறியாக உள்ளது.

மாணவர்களே! அயலாரின் வழக்கம் ஒன்று விந்தையாகத் தோன்றின், உடனே நகையாதீர். அது அவர்க்கு என்ன பொருள் தருகின்றது என்று முதலில் வினவுங்கள். அவ்வினாவே இத்துறைக்கு வாயில்.