கார் வாங்கப் போகிறீர்களா? லாரிக்காரர் கணக்கைப் போடுங்கள்!

சங்ககிரி என்றதும் இரண்டு காட்சிகள் கண் முன்னே வரும். ஒன்று மலைக்கோட்டை. தீரன் சின்னமலை 1805-ம் ஆண்டில் தூக்கிலிடப்பட்ட கோட்டை அது. மற்றொன்று லாரி!

சேலம் - கோவை நெடுஞ்சாலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள். லாரிப் பட்டறை, டயர்க் கடை, பாடி கட்டும் இடம், புக்கிங் ஆபீஸ். எங்கு திரும்பினாலும் லாரிப் பேச்சுதான். இங்கே பல குடும்பங்களுக்கு லாரிதான் நிலம், லாரிதான் விளைச்சல்.

லாரி வாங்குகிறவர் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டவுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட மாட்டார். சேசிஸ் என்ன விலை? பாடி கட்ட என்ன செலவு? இன்சூரன்ஸ் எவ்வளவு? வரி எவ்வளவு? பர்மிட்டுக்கு எவ்வளவு? ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்பார். தனித்தனியாக எழுதுவார். பிறகுதான் கூட்டுவார்.

ஆனால் குடும்பத்துக்குக் கார் வாங்கப் போகும்போது இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. குளுகுளு அறை, கையில் காபி, கண் முன்னே பளபளக்கும் வண்டி. குழந்தைகள் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் பேரம் எங்கே பேசுவது?

துண்டுக்குள் விரல்

கொங்கு நாட்டு மாட்டுச் சந்தையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையை மூடுவார். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்கு விலை தெரியாது. ஆனால் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் தெரியும்.

கார் கடையில் துண்டு இல்லை. ஒரு காகிதம்தான் இருக்கிறது. அதில் பத்து வரிகள் இருக்கின்றன. ஆனால் வாங்குகிறவருக்கே விலை புரிவதில்லை!

ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பயிர் விற்ற பணமும், மனைவி கட்டிய சீட்டுப் பணமும் கையில் இருக்கின்றன. ஜீப் மாதிரி உயரமான கார் வேண்டும். அதைத்தான் 'எஸ்.யு.வி.' என்கிறார்கள். விலை 12 லட்சம் ரூபாய் என்று போட்டிருக்கிறது.

கணவர் கேட்கிறார்: "கடைசி விலை என்னங்க?"

விற்பனையாளர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "உங்களுக்காக 30 ஆயிரம் குறைத்திருக்கிறேன், அண்ணா."

கணவருக்குச் சந்தோஷம். ஆனால் மனைவி காகிதத்தைப் பார்க்கிறார். "ஏனுங்க, அலங்காரச் சாமானுக்கு 40 ஆயிரம்னு எழுதியிருக்குதுங்களே?" என்று கேட்கிறார்.

ஒரு கையால் 30 ஆயிரம் கொடுத்து, மறு கையால் 40 ஆயிரம் வாங்கினால் அது தள்ளுபடியா?

விலைக்குள் எத்தனை விலை?

காரின் விலைக்குள் பல விலைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 'எக்ஸ் ஷோரூம்' விலை. இதில் ஜி.எஸ்.டி. வரி அடக்கம். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இந்த வரி மாறியது. நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்டு, சிறிய என்ஜின் உள்ள கார்களுக்கு 18 சதவீதம். பெரிய கார்களுக்கு 40 சதவீதம். அதற்கு முன்பு பெரிய எஸ்.யு.வி. கார்களுக்கு வரியும் செஸ்சும் சேர்த்து 50 சதவீதம் இருந்தது. ஆகவே பழைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு பேசக் கூடாது.

இரண்டாவது, தமிழ்நாடு அரசின் ஆயுள் வரி. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 5 லட்சம் வரை 12 சதவீதம். 10 லட்சம் வரை 13 சதவீதம். 20 லட்சம் வரை 18 சதவீதம். அதற்கு மேல் 20 சதவீதம். நமது 12 லட்சம் ரூபாய்க் காருக்கு வரி 2 லட்சத்து 16 ஆயிரம்.

மூன்றாவது, 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு ஒரு சதவீதம் வருமான வரிப் பிடித்தம். இது போன பணம் அல்ல. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்!

நான்காவது, இன்சூரன்ஸ். புதுக் காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். இது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். ஆனால் கார் விற்கும் கடையில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே விசாரியுங்கள். அந்தச் சீட்டைக் காட்டினாலே கடைக்காரர் இறங்கி வருவது உண்டு.

இவற்றில் ஜி.எஸ்.டி.யிலும் ஆயுள் வரியிலும் பேரம் கிடையாது. வண்டியின் விலை, இன்சூரன்ஸ், அலங்காரச் சாமான், கூடுதல் வாரண்டி, 'கையாளும் கட்டணம்' ஆகியவற்றில்தான் பேச்சுக்கு இடம். "இந்தக் கட்டணம் எதற்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள்.

10 லட்சம் என்ற கோடு

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள்.

9 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய்க் காருக்கு ஆயுள் வரி 1,29,350 ரூபாய். 10 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய்க் காருக்கு வரி 1,80,900 ரூபாய். விலையில் வித்தியாசம் 10 ஆயிரம்தான். வரியில் வித்தியாசம் 51,550 ரூபாய்!

மேல் ரகக் கார் வேண்டுமா, கீழ் ரகம் போதுமா என்று யோசிக்கும்போது இந்தக் கோட்டை நினைவில் வையுங்கள். கூரையில் ஒரு கண்ணாடி ஜன்னலுக்காக அரை லட்சம் வரி கட்ட வேண்டுமா?

பேரமே இல்லாத காலம்

ஒரு காலத்தில் நம் நாட்டில் கார் பேரமே கிடையாது. அம்பாசடர், பியட் கார்களுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உடனே வேண்டுமானால் மேல்பணம் கொடுக்க வேண்டும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்கும் காத்திருந்தார்கள். பிறகு கம்பெனிகள் பெருகின. வாங்குகிறவருக்கும் பேச வாய் கிடைத்தது.

ஆனால் அந்த வாயை மூடவும் முயற்சி நடந்ததாகப் புகார் எழுந்தது. டீலர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியதாக, மாருதி சுசுகி கம்பெனிக்கு 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது.

இதிலிருந்து நமக்கு ஒன்று புரிகிறது. டீலர் கொடுக்கும் தள்ளுபடி சாதாரண விஷயம் அல்ல. ஆணையமே தலையிடும் அளவுக்கு அது வாங்குகிறவரின் நலனைத் தொடுகிறது. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

அமெரிக்காவில் 1958-ம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. மன்ரோனி என்ற செனட்டர் கொண்டுவந்தார். புதுக் காரின் கண்ணாடியில் விலைச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். காரின் விலை, கூடுதல் சாமான்களின் விலை, கொண்டுவந்த செலவு எல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். லாரிக்காரர் கணக்கும் இதுதானே!

ஆடி நல்ல மாதம்!

ஆவணியிலும் ஆயுத பூஜையிலும் கடையில் கூட்டம் நெரியும். அப்போது பேரம் எடுபடாது. ஆடி மாதத்தில் வண்டி வாங்கப் பலர் தயங்குவார்கள். அதுதான் பேச நல்ல நேரம். ஆடியில் விலை பேசி, ஆவணியில் வண்டி எடுப்பவர்கள் புத்திசாலிகள். விலையை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசியும் நல்லதே. விற்பனை இலக்கை எட்ட வேண்டிய அவசரம் கடைக்கு இருக்கும். டிசம்பரிலும் தள்ளுபடி உண்டு. ஆனால் டிசம்பரில் செய்த கார், ஜனவரியிலேயே 'போன வருஷத்துக் கார்' ஆகிவிடும். பின்னால் விற்கும்போது விலை குறையும். சீக்கிரம் விற்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

டெமோ கார் லாபமா?

வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டக் கடையில் ஒரு கார் வைத்திருப்பார்கள். அதுதான் 'டெமோ' கார். சில மாதங்கள் ஓட்டியபின் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள்.

முதல் கேள்வி: கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? டீலர் பெயரில் பதிவாகியிருந்தால், ஆர்.சி.யில் நீங்கள் இரண்டாவது உரிமையாளர். பின்னால் விற்கும்போது இது விலையைக் குறைக்கும். அதே சமயம், ஆயுள் வரி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும். நீங்கள் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

விலை எப்படி முடிவு செய்வது? இன்சூரன்சில் ஒரு தேய்மானக் கணக்கு இருக்கிறது. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓர் ஆண்டு வரை 15 சதவீதம், இரண்டு ஆண்டு வரை 20 சதவீதம் கழிப்பார்கள்.

12 லட்சம் ரூபாய்க் கார் எட்டு மாதம் ஓடியிருந்தால் 15 சதவீதம், அதாவது 1 லட்சத்து 80 ஆயிரம் கழியும். மிச்சம் 10 லட்சத்து 20 ஆயிரம். டீலர் தாம் கட்டிய வரியையும் முழுதாகக் கேட்டால் 12 லட்சத்து 36 ஆயிரம் ஆகும். இந்த இரண்டு தொகைக்கும் நடுவில்தான் நியாய விலை. நீங்கள் கீழிருந்து பேசுங்கள். அவர் மேலிருந்து பேசட்டும். அதற்கு மேல் கேட்டால் புதுக் காரே மேல்!

டெமோ காரைப் பலர் ஓட்டியிருப்பார்கள். கிளட்ச், பிரேக், டயர் மூன்றையும் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அடிப்பகுதியில் கல் அடித்திருக்கிறதா பாருங்கள். வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று கேளுங்கள். பெயர் மாற்ற 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுங்கள்.

தவணை மயக்கம்

"மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?" என்று கேட்டால் உஷாராக இருங்கள். அங்கே விலைப் பேச்சு முடிந்து, தவணைப் பேச்சு ஆரம்பமாகிறது.

9 சதவீத வட்டிக்கு 10 லட்சம் கடன் வாங்கினால், ஐந்து ஆண்டுத் தவணை மாதம் சுமார் 20,760 ரூபாய். ஏழு ஆண்டு என்றால் சுமார் 16,090 ரூபாய். மாதம் 4,670 ரூபாய் மிச்சம் போலத் தோன்றும். ஆனால் மொத்தத்தில் சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம் ரூபாய் அதிகம் கட்டுவீர்கள்! விலையை முதலில் முடியுங்கள். பழைய வண்டி மாற்றும் பேச்சையும், கடன் பேச்சையும் பிறகு தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன்

சங்ககிரிக்காரருக்குச் சேலமும் பக்கம், ஈரோடும் பக்கம். இரண்டு ஊர்க் கடைகளிலும் எழுதிய விலைச் சீட்டு வாங்குங்கள். முன்பணத்துக்கு ரசீது கேளுங்கள். வண்டி வேண்டாமென்றால் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுதி வாங்குங்கள். வண்டி எடுக்கும் நாளில் சேசிஸ் எண்ணைச் சரிபாருங்கள். கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பாருங்கள். டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம். கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு.

கடைக்காரருக்கும் லாபம் வேண்டும். அவர் நஷ்டத்துக்கு விற்க வேண்டியதில்லை. நியாய விலை என்பது இரண்டு பேரும் அறிந்து ஒப்புக்கொண்ட விலை. துண்டுக்குள் விரல் பிடித்த காலத்திலும் வாங்குகிறவருக்கு விலை தெரிந்திருந்தது.

அந்த மனைவி காகிதத்தைப் படித்தாரே, அதுபோல் நீங்களும் படியுங்கள். வரிவரியாகப் படியுங்கள். டி.என்.52 எண் பலகையோடு கார் வீட்டு வாசலுக்கு வரும் அன்று, பூசணிக்காய் உடைக்கும்போது மனசில் ஒரு குறையும் இருக்காது!