பிணத்தின் சூடு சொன்ன சாட்சி!

தீவில் கொலை விழும்; வெளியூர் நிபுணர் வந்து முடிச்சை அவிழ்ப்பார். துப்பறியும் கதைகளில் படித்திருப்பீர்கள். இலங்கையில் அது நிஜமாகவே நடந்தது.

சதாசிவம் பெயர்பெற்ற கிரிக்கெட் வீரர், தமிழர். 1947-ல் சென்னை சேப்பாக்கத்தில் 215 ரன் குவித்தவர். 1951 அக்டோபர் 9-ந் தேதி, கொழும்பில் அவரது வீட்டு மோட்டார் கொட்டகையில் அவர் மனைவி பிணமாகக் கிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. தானும் எஜமானரும் சேர்ந்து கொன்றதாக வேலைக்காரன் கூறினான். அரசாங்கம் அவனுக்கு மன்னிப்புக் கொடுத்துச் சாட்சியாக்கியது! சதாசிவம் சிறையில் அடைக்கப்பட்டார்.

அவர் வீட்டை விட்டுக் கிளம்பியது காலை சுமார் 10.30 மணிக்கு. அம்மாளின் உயிர் போனது அதற்கு முன்பா, பின்பா? அவர் தலை தப்புவது இந்தக் கேள்வியில்தான் இருந்தது.

உயிர் போனதும் உடம்பின் சூடு மெல்ல மெல்லக் குறையும். குறைந்த அளவைக் கொண்டு நேரத்தைக் கணிக்கலாம். ஆனால் சீமைக் குளிருக்குப் போட்ட கணக்கு நம் போடி வெயிலுக்கு ஒத்து வருமா? கொழும்பும் அப்படித்தான். அதனால் பேராசிரியர் டி சாரம், தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில் சூட்டை அளந்து புதுக் கணக்கே போட்டார். மரணம் 10.30-க்குப் பிறகுதான் என்றார். எடின்பரோ நிபுணர் ஸர் சிட்னி ஸ்மித்தும் சாட்சி சொன்னார்: கொன்றது வேலைக்காரனே!

57 நாள் விசாரணை. 1953 ஜூன் 25-ந் தேதி ஜூரிகள் "குற்றவாளி அல்ல" என்றார்கள். 20 மாதம் அடைபட்டிருந்த சதாசிவம் வெளியே வந்தார். மன்னிப்புப் பெற்ற வேலைக்காரனும் வெளியேதான் இருந்தான்.