'அகதி இல்லை' என்ற நாடே நிரந்தர விசா கொடுத்தது எப்படி? பிலோவீலா தமிழ்க் குடும்பத்தின் கதை

2019 ஆகஸ்ட் 29 இரவு. இலங்கைத் தமிழ்த் தம்பதியையும் அவர்களின் 4 வயது, 2 வயது மகள்களையும் நாடு கடத்த, மெல்பர்னில் இருந்து விமானம் கிளம்பிவிட்டது. நடுவானில் இருக்கும்போதே நீதிபதி ஒருவர் போன் மூலம் தடை உத்தரவு போட்டார். டார்வினில் இறக்கப்பட்ட குடும்பம், அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவு தடுப்பு முகாமுக்குப் போனது. 'இவர்களை அனுப்பணுமா, வேண்டாமா' என்று ஆஸ்திரேலியாவே இரண்டாகப் பிரிந்து பேசியது.

யார் இவர்கள்?

கணவர் 2012-லும், மனைவி 2013-லும் தனித்தனியாகப் படகில் வந்தவர்கள். ஆஸ்திரேலியாவில்தான் கல்யாணம். குயின்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சின்ன ஊரில் குடியேறினார்கள். அவருக்கு அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. 2018 மார்ச் 5 அதிகாலை, மனைவியின் தற்காலிக விசா முடிந்த மறுநாளே, அதிகாரிகள் வீட்டுக்கு வந்து நால்வரையும் அழைத்துப் போனார்கள்.

குழந்தைகள் அங்கேயே பிறந்தவர்கள்தானே, குடியுரிமை கிடையாதா என்று கேட்கலாம். கிடையாது. 1986-க்குப் பிறகு அங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரமாக வசிப்பவராகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தை 10 வயது வரை அங்கேயே வளர்ந்திருக்க வேண்டும்.

அரசு சொன்னது என்ன?

1951 அகதிகள் ஒப்பந்தப்படி, சொந்த நாட்டில் வறுமை என்பதற்காக ஒருவர் அகதி ஆகிவிட முடியாது. இனம், மதம், அரசியல் கருத்து போன்ற காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்கணும். புலிகளோடு இருந்த பழைய தொடர்பால் ஆபத்து என்றார் கணவர். போர் முடிந்துவிட்டது, அப்படி ஆபத்து இல்லை என்றது ஆஸ்திரேலியத் தரப்பு. பெற்றோரின் மேல்முறையீடுகள் எல்லாம் தோற்றன. உச்ச நீதிமன்றமும் 2019-ல் விசாரிக்க மறுத்துவிட்டது. இவர்களை விட்டால் மறுபடியும் படகுகள் வரும் என்பது அன்றைய உள்துறை அமைச்சர் பீட்டர் டட்டனின் வாதம்.

எதிர்த் தரப்பில் வழக்கமான அகதி ஆதரவாளர்கள் மட்டும் இல்லை. பழமைவாதிகள் அதிகம் வாழும் பிலோவீலா ஊரே 'எங்க ஆளுங்களைத் திருப்பிக் கொடுங்க' என்றது. படகில் வருபவர்களைக் கடுமையாக எதிர்க்கும் ஆளும் கூட்டணியில் இருந்தே, பார்னபி ஜாய்ஸ் போன்றவர்கள் இந்தக் குடும்பத்துக்காகக் குரல் கொடுத்தார்கள்.

அப்புறம் எப்படித் தப்பினார்கள்?

பலரும் குழம்புவது இங்கேதான். 'இவர்கள் அகதிகள்தான்' என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. மிஞ்சியிருந்தது இளைய மகளின் வழக்கு. அவளுக்காகத் தனியாக வைத்த கோரிக்கையை அரசு நியாயமான முறைப்படி பரிசீலிக்கவில்லை என்று 2020-ல் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. முடிவு சரியா என்பது அங்கே கேள்வியே இல்லை. முடிவெடுத்த வழி சரியா என்பதுதான் கேள்வி. 2021-ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. அது விசா தரவில்லை, நேரம் வாங்கிக் கொடுத்தது.

அந்த நேரம் தீவு முகாமில்தான் கழிந்தது. 2021 ஜூனில் இளையவளுக்கு ரத்தத்தில் கிருமித் தொற்று. விமானத்தில் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருந்த குழந்தையின் படம் வெளியானதும் அரசு கொஞ்சம் இறங்கிவந்து, குடும்பத்தை பெர்த்தில் தங்க அனுமதித்தது. ஊர் திரும்ப அனுமதி இல்லை.

2022 மே தேர்தலில் ஆட்சி மாறியது. ஒரு வாரத்துக்குள், மே 27-ல், அமைச்சர் ஜிம் சால்மர்ஸ் ஒரு கையெழுத்துப் போட்டார். தடுப்பில் இருப்பவருக்குப் பொது நலன் கருதி விசா தர அமைச்சருக்குச் சட்டத்தில் தனி அதிகாரம் உண்டு. 'பயன்படுத்தியே ஆகணும்' என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இந்த அதிகாரம் டட்டன் கையிலும் இருந்ததுதான்! ஜூனில் குடும்பம் பிலோவீலா திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

மற்றவர்கள் நிலை?

தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு 2023-ல் நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. ஆனால் இந்தக் குடும்பத்தைப் போலவே கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தற்காலிக விசாவைப் புதுப்பித்தபடி வாழும் ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருந்தாது. அவர்களுக்காகக் குரல் கொடுக்க ஒரு பிலோவீலா இல்லை. 2024-ல் மெல்பர்னில் உள்துறை அலுவலகம் முன்பு இரவு பகலாகப் போராடியவர்களில் ஈழத் தமிழர்களும் இருந்தார்கள்.