கீட்டோ டயட்: சரசரவென இறங்கிய எடை அப்புறம் ஏன் நின்றுவிடுகிறது?

முதல் இரண்டு வாரத்தில் 3 கிலோ குறைந்தது. அப்புறம் ஒரு மாதமாக எடை மெஷின் அசையவே இல்லை. கீட்டோ டயட் இருப்பவர்களில் பலரும் புலம்பும் இடம் இதுதான்.

முதலில் இறங்கியதில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை, தண்ணீர். உடலில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன், ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் அது கரைய, தண்ணீரும் கூடவே வெளியேறிவிடும். அந்த வேகம் தொடராது.

அடுத்த சிக்கல் தட்டில். ‘அதான் சோறு சாப்பிடலையே’ என்ற தைரியத்தில் கை பாதாம் டப்பாவுக்குப் போகும். 100 கிராம் பாதாமில் ஏறக்குறைய 580 கலோரி. ஒரு டேபிள்ஸ்பூன் நெய்யில் சுமார் 120. எடை குறைந்த உடலுக்கு முன்பைவிடக் குறைவாகவே போதும் என்பதால், தொடக்கத்தில் சரியாக இருந்த அளவு இப்போது அதிகமாகிவிடும். ஒரு வாரம் எல்லாவற்றையும் அளந்து எழுதிப் பாருங்கள், எங்கே கூடுகிறது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

வெறுத்துப்போய் பட்டினியில் இறங்குவதுதான் ஆபத்து, குறிப்பாக சர்க்கரை நோயாளிகளுக்கு. இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை அளவு திடீரெனத் தாழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய், கீட்டோவில் இருப்பதையும் மாத்திரையின் பெயரையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.